படாக் சப்பரம்

எங்கள் மாமாவுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. முடியாது என்று நன்றாகத் தெரிந்த பிறகும் சொல்ல மாட்டார். அம்மாவின் தம்பி அவர். போர்ட் பிளேரில் ஒரு மரமில்லில் தச்சு வேலை பார்த்தார். எங்கள் வீட்டு வாசல் கதவு அவர் செய்ததுதான். மழைக்காலத்தில் மூடினால் திறக்காது, வெயில் காலத்தில் திறந்தால் மூடாது. "ரெண்டு பருவத்துக்கும் ஒரே கதவு எப்படிக்கா சரியா வரும்?" என்று கேட்பார். அப்படிப்பட்டவரிடம்தான் மாதாவுக்குச் சப்பரம் செய்கிற வேலை போய்ச் சேர்ந்தது.

சப்பரம் அம்மாவின் நேர்த்திக்கடன். என் தம்பி பிறந்த மாதத்தில் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. பால் சுரக்கவில்லை. பால் பவுடர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பலோ காற்றையும் மழையையும் பார்த்துத் தன் இஷ்டத்துக்கு வரும். பிள்ளை அழக்கூடச் சத்தில்லாமல் சுருண்டு கிடந்தபோது அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்து எழுந்து நடந்தால், அவன் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற வருஷம் வரைக்கும், ஊரில் எடுக்கிற மாதிரியே இங்கேயும் மாதாவுக்குச் சப்பரம் எடுக்கிறேன் என்று சொன்னாள். ஊர் என்பது தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். நான் அதைப் பார்த்ததே இல்லை.

மாதா கேட்டுக்கொண்டாள் என்றுதான் அம்மா கடைசி வரை சொன்னாள். ஆனால் பிள்ளைக்குப் பால் கொடுத்தது பக்கத்து வீட்டு மௌசி. மௌசி என்றால் இந்தியில் அம்மாவின் உடன்பிறந்தாள். அவளுக்கும் அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. தம்பி அழுகிற சத்தம் நின்றுபோனதைக் கேட்டு வேலியைத் தாண்டி வந்தாள். யாரையும் எதுவும் கேட்காமல் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு மாதம் இரண்டு குழந்தைகளும் அவளிடம்தான் வளர்ந்தன. தமிழ்ப் பெண்கள் சிலர் இதைப் பற்றி முணுமுணுத்தார்கள். மௌசி ராஞ்சிக்காரி என்பதுதான் காரணம்.

அந்தமானில் ராஞ்சிக்காரர்கள் என்றால், சோட்டா நாக்பூர் மலைகளிலிருந்து காட்டு வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்கள். மரம் வெட்டுவது, இழுப்பது, கடல்வரை கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. மௌசியின் கணவர், மௌசா, மரம் இழுக்கிற ஒரு கூட்டத்துக்குத் தலைவர். குள்ளமான, அகலமான மனிதர். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். அம்மாவும் மௌசியும் ஒருவரையொருவர் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இருவரில் யார் மூத்தவள் என்பது எனக்குத் தெரிந்து முடிவாகவே இல்லை.

எல்லோருக்கும் ஒரே கோவில். மரச்சுவரும் தகரக் கூரையும் போட்டது. அதைக் கட்டியவர்களும் ராஞ்சிக்காரர்கள்தாம். வாரம் முழுவதும் காட்டில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார்களாம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அப்போதிருந்த சாமியார் விலக்குக் கொடுத்தாராம். நாங்களெல்லாம் வந்தபோது கோவில் தயாராக இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே அது நம்ம கோவில் ஆகிவிட்டது.

முன்வரிசையில் மலையாளிகள் பெஞ்சு போட்டு உட்காருவார்கள். தமிழர்கள் வலது பக்கம், ராஞ்சிக்காரர்கள் இடது பக்கம் தரையில். பர்மாவிலிருந்து வந்த ஒரு குடும்பமும், படிக்க வந்த நிக்கோபார் பையன்களும் பின்னால் இடம் கிடைத்த இடத்தில் நிற்பார்கள். லத்தீன் பூசை போய் இந்திப் பூசை வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. லத்தீன் யாருக்குமே புரியாது; அதனால் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. இந்தி எல்லோருக்கும் பாதி பாதி புரிந்தது. பூசை முடிந்ததும் அவரவர் கூட்டத்தோடு அவரவர் பாஷையில் பேசிக்கொண்டு கலைந்து போவோம். சிரிப்போம், கும்பிடுவோம், வழி விடுவோம். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

தம்பி எழுந்து நடந்தான், ஓடினான், மௌசியின் பெண்ணை அடிக்கவும் தொடங்கினான். நேர்த்தியை இனியும் தள்ள முடியாது என்று அம்மா சொன்னாள். தனி ஆள் எடுக்கிற காரியமா சப்பரம்? அப்பா தமிழ்க் குடும்பங்களைக் கூட்டினார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்ததால் கூட்டம் கூட்டுவது அவருக்குப் பிடித்த வேலை. எங்கள் வீட்டு முன்னறையில் டீ குடித்துக்கொண்டே பேசினார்கள்.

"மலையாளத்தானுக்குப் பெஞ்சு இருக்கு. ராஞ்சிக்காரனுக்கு மேளம் இருக்கு. நமக்குன்னு கோயில்ல என்ன இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியோடு அம்மாவின் நேர்த்தி தமிழர்களின் கௌரவமாக மாறிவிட்டது. அம்மா உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சப்பரம் சுற்றி வந்தால் போதும்.

மாமா படாக் மரத்தில் செய்வது என்று தீர்மானித்தார். படாக்கைத் தேக்குக்கு அண்ணன் என்று சொல்லலாம். ரத்தச் சிவப்பு நிறம். கரையான் தொடாது. ஆணி அடித்தால் வளைவது ஆணிதான். ஊரில் மாமரப் பலகையிலும் பூவரசிலும் சப்பரம் செய்வார்கள். ஊரில் படாக் கிடைக்காது. இங்கேயோ மில்லில் கழித்துப் போட்ட துண்டுகளே படாக். "மாதாவுக்குச் செய்றத மட்ட மரத்துலயா செய்வாக?" என்று மாமா கேட்டார். எல்லோரும் சரிதான் என்றார்கள்.

அளவும் அவர்தான் சொன்னார். ஊர்ச் சப்பரத்தை மாமா கடைசியாகப் பார்த்தது அரைக்கால் சட்டை வயதில், பெரிய ஆட்களின் இடுப்புக்குக் கீழே நின்றுகொண்டு. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் எந்தச் சப்பரமும் வானத்தைத் தொடும். மாமா தன் ஞாபகத்துக்குத் துரோகம் செய்யாமல் அந்த அளவிலேயே செய்தார்.

எங்கள் வீட்டுக்கும் மௌசி வீட்டுக்கும் நடுவிலிருந்த முற்றத்தில், தார்ப்பாய்க்கு அடியில் வேலை நடந்தது. தம்பியும் மௌசியின் பெண்ணும் சிவப்புச் சுருளில் புரண்டு விளையாடுவார்கள். ஒரு சாயங்காலம் மௌசா வந்து ஓர் உத்தரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "பஹுத் பாரி ஹோகா, பாய்" என்றார். ரொம்பக் கனமாக இருக்கும், தம்பி என்று அர்த்தம். "மாதா குத் உடாயேகா" என்று மாமா தன் இந்தியில் சொன்னார். மாதாவே தூக்கிக்கொள்வாளாம். மௌசா கண் இரண்டும் மறையச் சிரித்துவிட்டுப் போனார்.

வேலை முடிந்ததும் பாகம் பாகமாகக் கழற்றிக் கைவண்டியில் கொண்டுபோய்க் கோவில் முற்றத்தில் பொருத்தினார்கள். அதனால் அதன் முழுக் கனம் திருநாள் சாயங்காலம் வரை ஒருவருக்கும் தெரியாமலே இருந்தது.

திருநாள் செப்டம்பரில் வரும். அந்தமானில் செப்டம்பர் என்றால் மழை. காலையிலிருந்து பெய்து, பூசை முடிகிற நேரத்தில்தான் கொஞ்சம் விட்டது. சப்பரத்தைத் தென்னங்குருத்தாலும் காகிதப் பூவாலும் மூடியிருந்தார்கள். உச்சியில் மாதா சொரூபம். நாலு பக்கமும் பெட்ரோமாக்ஸ். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் உப்பும் மிளகும் மூடிப் பிடித்தபடி முன்னால் நின்றாள். சப்பரம் நகரும்போது அதன்மேல் உப்பு மிளகு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நகர்ந்தால்தான் போட முடியும்.

பன்னிரண்டு பேர் தண்டுக்குத் தோள் கொடுத்தார்கள். அப்பா முன் தண்டில். "மரியே" என்று ஒருவர் கத்த, "வாழ்க" என்று எல்லோரும் கத்தினோம். சப்பரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுபடியும் கத்தினோம். ஒரு மூலை மட்டும் நாலு விரல்கடை எழுந்து, யோசித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டது. இன்னும் ஆறு பேரைச் சேர்த்தார்கள். இந்தத் தடவை எழுந்தது. அப்பாவின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. கோவில் வாசல்வரை வந்தார்கள். அங்கே சரிவு ஆரம்பிக்கும். மழையில் ஊறிய செம்மண். அப்பா வழுக்கி விழுந்தார். முன்பக்கம் தரையில் இடித்து உட்கார, மாதா ஓர் ஆட்டம் ஆடி நின்றாள். கூட்டம் முழுவதும் ஐயோ என்றது. அப்பாவுக்கு அடி ஒன்றும் இல்லை. வெள்ளை வேட்டி மட்டும் சிவப்பு வேட்டியாகிவிட்டது. மழையும் திரும்பப் பிடித்துக்கொண்டது.

மாமாவைத் தேடினார்கள். அவர் கோவிலுக்குள் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி ஒருநாளும் யாரும் பார்த்ததில்லை.

கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பெண், "நேர்த்தியில என்னமோ குறை இருக்கு. இல்லாட்டா மாதா இப்படி உக்காருவாளா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், அம்மாவின் காதில் விழுகிற அளவு மெதுவாக. அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். நேர்த்தி நிறைவேறாவிட்டால் அந்தக் கடன் தம்பியின் தலையில்தான் விழும் என்று அவள் நம்பினாள். தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தான்.

ராஞ்சிக்காரர்கள் கோவில் பக்கவாட்டுக் கூரைக்கு அடியில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பூசைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவர்களும் வரவில்லை. அம்மா அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"எங்க போற?" என்றார் அப்பா.

"தோள் கேக்கப் போறேன்."

"நம்ம மாதாவத் தூக்க அவியகிட்டப் போயி நிக்கணுமா?"

"எம்புள்ளைக்குப் பால் குடுக்கையில நீங்க இப்படிக் கேக்கலியே" என்றாள் அம்மா.

அத்தனை பேர் முன்னால் அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அப்பா வேட்டியில் இருந்த சேற்றைத் தட்டிக்கொண்டார். ஈரச் சேறு, தட்டினால் போகிற சேறா அது?

அம்மா மௌசியிடம் போய் நின்று, "தீதி, மாதா நஹீ உட்தா" என்றாள். மாதா எழும்ப மாட்டேன் என்கிறாள் என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். மௌசி அவள் இடுப்பிலிருந்த தம்பியை வாங்கிக்கொண்டாள். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர்கள் எழுந்தார்கள்.

மௌசா சப்பரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். குறுக்கே நாலு மூங்கில் கட்டச் சொன்னார், நிறையத் தோள் நுழைய இடம் வேண்டும் என்பதற்காக. பிறகு அண்ணாந்து மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, காட்டில் மரம் இழுக்கும்போது போடுகிற சத்தத்தைப் போட்டார். "ஜோர் லகா கே!" ராஞ்சிக்காரர்கள் எல்லோரும், "ஹய்சா!" என்றார்கள். தமிழர்களுக்கு முதலில் கூச்சமாகப் போயிற்று. மாதாவும் மரமும் ஒன்றா? ஆனால் சப்பரம் எழுந்துவிட்டது. எழுந்த பிறகு எதைச் சொல்வது? அடுத்த தடவை மௌசா, "ஜோர் லகா கே!" என்றபோது தமிழர்கள் தங்களை அறியாமல், "மரியே வாழ்க!" என்றார்கள். அதற்குப் பிறகு பஜார் முழுவதும் அதுதான் மந்திரம்.

இதற்குள் மலையாளிகளும் நிக்கோபார் பையன்களும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்திருந்தார்கள். கோவாவிலிருந்து வந்த எங்கள் சாமியார் பூசை உடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு பின்தண்டுக்கு முதுகு கொடுத்தார். ஒரு சங்கடம்தான் வந்தது. உயரம் குறைந்த ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றதால் அந்தப் பக்கம் தாழ்ந்து மாதா சாய்ந்தாள். ஆகவே நடுரோட்டில் இறக்கி, நெட்டைகளையும் குட்டைகளையும் கலந்து நிறுத்தினார்கள். அப்பாவுக்கு அடுத்த தோள் மௌசாவின் தோள். அதற்கு அடுத்தது பர்மாக்காரர். அப்படியே ஏறி இறங்கி அபர்டீன் பஜாரைச் சுற்றினார்கள். ராமநாதபுரத்து பாய் ஒருவர் கடையை மூடாமல் காத்திருந்து வாளி வாளியாகச் சர்பத் கொடுத்தார். அம்மா உப்பு மிளகைப் போட்டாள். பாதியை மௌசியின் கையில் கொடுத்து அவளையும் போடச் சொன்னாள். எதற்கு என்று மௌசி கேட்கவில்லை. போட்டாள்.

எங்கள் தெரு முனையில் சப்பரம் நின்றபோது அம்மா தம்பியைத் தூக்கிக் காட்டினாள். 

மாமா மறுநாளே மீண்டுவிட்டார். "நாலு சாதி சனமும் சேந்து தூக்கணும்னுதான் கனமாச் செஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவின் வாயிலிருந்து வந்த பொய்களில் அது ஒன்றுதான் உண்மையாக இருந்திருக்க வேண்டிய பொய் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அப்படியே எடுத்தோம். திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே மௌசாவின் ஆட்கள் மூங்கில் கொண்டுவருவார்கள். கப்பலில் வேலை பார்த்த மலையாளிகள் கயிறு கொண்டுவருவார்கள். கட்டுவதற்கு ஒரு சாயங்காலம், தூக்கிப் பார்ப்பதற்கு ஒரு சாயங்காலம் என்று முற்றத்தில் எப்போதும் ஆள் இருக்கும். யாருக்குத் தோளில் புண், யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யாருக்கு மாற்றல் என்பதெல்லாம் அந்த வாரத்தில்தான் எல்லோருக்கும் தெரியவரும். சப்பரம் திரும்பி வந்ததும் கோவில் முற்றத்தில் சாப்பாடு. மௌசி வீட்டுப் பெண்கள் சோறு வடிக்க, எங்கள் பெண்கள் குழம்பு வைக்க, மலையாளிகள் மீன் பொரிப்பார்கள். கோவிலுக்குள் தனித்தனியாக உட்கார்ந்தவர்கள் வெளியே பந்தியில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. எப்போதுமே இப்படித்தான் என்று நினைத்தோம்.

மூன்றாவது வருஷம் மெயின்லேண்டிலிருந்து ஒரு தமிழ்க் காண்ட்ராக்டர் ஜெட்டி வேலைக்காக வந்திருந்தார். அப்பாவுக்கு வேண்டியவர். திருநாள் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா தமிழன் சப்பரத்துக்கு அடுத்தவன் தோளக் கடன் வாங்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. காண்ட்ராக்டர் அடுத்த கப்பலில் போய்விட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வருஷத்துக்குப் புதுச் சப்பரம் செய்ய முடிவாயிற்று. இந்தத் தடவை பப்பீத்தா என்கிற வெள்ளை மரம்; தீக்குச்சி சீவுகிற மரம் அது. ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் சரியான அளவையும் கேட்டுக்கொண்டார்கள். மாமா முடியாது என்று சொல்லவில்லை. அவருடைய குவார்ட்டர்ஸ் எங்கள் தெருவிலிருந்து தள்ளி, ஹாடோ பக்கம் இருந்தது. அங்கே வைத்துச் செய்தார். நான் போய்ப் பார்த்தேன். நீலமும் தங்க நிறமும் பூசி, தேவதூதர்கள் வைத்து, கண்ணைப் பறித்தது. ஒரு மூலையை நானே தூக்கிவிட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து அதை எல்லோரிடமும் சொன்னேன்.

"மௌசா கேட்டா என்ன சொல்ல?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"என்ன சொல்ல? இனிமே ஒங்களுக்குச் செரமம் இல்லன்னு சொல்லு."

"அவிய செரமம்னு சொன்னாவளா?"

"நீ நேர்த்தி வச்ச. நேர்த்தி நடக்கும். மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. நல்லது செய்கிறவர் குரலில்தான் சொன்னார்.

சொல்கிற வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. திருநாளுக்கு முந்தின வாரம் முழுவதும் அவள் வேலியோரம் போய் நிற்பாள். மௌசி வந்து, "க்யா, தீதி?" என்று கேட்டால், மஞ்சள் இருக்கிறதா என்று கேட்டு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். எங்கள் வீட்டில் அப்போது மஞ்சள் நிறையவே இருந்தது. எப்படிச் சொல்வாள்? "நீங்கள் வர வேண்டாம்" என்பதை மரியாதையாகச் சொல்ல அம்மாவுக்கு இந்தியும் போதாது, தமிழும் போதாது. வேறு யாரும் சொல்லவில்லை. மௌசாவின் ஆட்கள் வழக்கம்போல மூங்கிலைக் கொண்டுவந்து போட்டபோது, கட்டுவதைத் திருநாள் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா அனுப்பிவிட்டார்.

திருநாள் அன்று மௌசா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். துவைத்த வெள்ளைச் சட்டை. தோளில் துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார். அவரோடு இரண்டு இளைஞர்கள். அண்ணன் மக்கள், ராஞ்சியிலிருந்து புதிதாக வந்தவர்கள். வழியெல்லாம் அவர்களுக்குச் சப்பரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்திருக்க வேண்டும். அவர்கள் தோளிலும் மடித்த துண்டு இருந்தது. படாக் சப்பரத்தைக் கோவிலுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். முற்றத்தில் நீலமும் தங்கமுமாகப் புதுசு நின்றது. மௌசா அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா ஏதோ பூவைச் சரிசெய்யப் போய்விட்டார்.

பன்னிரண்டு தமிழர்கள் தோள் கொடுத்தார்கள். "மரியே வாழ்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னதும் சப்பரம் பூப்போல எழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். மௌசாவின் அண்ணன் மக்கள் அவரிடம் ஏதோ கேட்டார்கள். அவர் சுருக்கமாகப் பதில் சொன்னார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று மழை பெய்யவில்லை. பஜார் திருப்பம்வரை அவர்கள் சப்பரத்துக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்த்தபோது அங்கே வேறு யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் யாராவது ஒருவர் போய்ச் சமாதானம் பேசியிருக்கலாம். அடுத்த வருஷம் ராஞ்சிக்காரர்கள் சாமியாரிடம் தங்களுக்கென்று ஒரு பவனி கேட்டார்கள். கிறிஸ்து அரசர் திருநாளில் மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் கூரைக்கு அடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். பிறகு மலையாளிகளுக்கு ஒரு திருநாள். பிறகு தமிழுக்குத் தனிப் பூசை வேண்டும் என்று அப்பா மனு எழுதினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பெரிய காங்கிரீட் கோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பாஷைக்காரர்கள் வெளியே வருகிறபோது அடுத்த பாஷைக்காரர்கள் உள்ளே போகிறார்கள். வாசலில் சிரிக்கிறார்கள், கும்பிடுகிறார்கள், வழி விடுகிறார்கள். பூசை ஒவ்வொன்றும் ஒவ்வொருவருக்கும் முழுதாகப் புரிகிறது.

படாக் சப்பரத்தை மாமா பிரித்துப் பூசை உடைகள் வைக்க ஓர் அலமாரி செய்தார். மௌசாவுக்கு லாங் ஐலண்டுக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தம்பி புதுநன்மை வாங்கியபோது அம்மா அவர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். அன்று அந்தத் தீவிலிருந்து படகு இல்லை என்றார்கள். இருந்தும் வராமல் இருந்தார்களோ என்னவோ. எனக்கு இந்த வயதில் அது பெரிய குறையாக இருக்கிறது. அந்த வீட்டுக்கு நாங்கள் பட்ட கடனை ஒரு மர வித்தியாசத்தில் தொலைத்துவிட்டோமே என்று வருத்தப்படுகிறேன்.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. சின்னச் சப்பரம் போன அன்று சாயங்காலம் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. கோவில் முற்றத்தில் பந்தி இல்லை. அவரவர் வீட்டில் சாப்பாடு. அப்பா கோழி அடிக்கச் சொல்லியிருந்தார். "யார்கிட்டயும் போய் நிக்காம முடிச்சிட்டோம்லா" என்று மாமாவின் முதுகில் தட்டினார். மாமா தோளைத் தடவிக்கொண்டே, வலிக்கவே இல்லை என்றார்.

அம்மா தூக்குச்சட்டியில் சோறும் தட்டு மூடிய கிண்ணத்தில் கறியுமாக எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். போன சுருக்கில் திரும்பி வந்தாள். கொண்டுபோனது அப்படியே இருந்தது.

"தூங்கிட்டாவ" என்றாள்.

"வெளக்கு எரியுதேம்மா. மௌசா பேசுறது இங்க வரைக்கும் கேக்கே" என்றேன்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கிண்ணத்தைத் திறந்தாள். ஈரலும் காலும் பொறுக்கி எடுத்து வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் கேட்டாலும் கிடைக்காத துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் போட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

"இனிமே வருஷா வருஷம் சின்னச் சப்பரந்தானேம்மா?" என்று எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டேன்.